இழப்புக்குப் பிறகு வகுப்பறை: வாசகர் கேள்வி – பதில்

மாணவர் வாழ்வில் வரும் மரணங்களைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். கல்லூரி நிர்வாகத்தில் நெடுங்காலம் இருந்த ஒருவரும் உளவளத்துணை ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் பெண்கள் விடுதியில் மலையகப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் தகப்பன் இறந்துவிட்டதாக மாமன் இரவில் எனக்கு அழைத்துச் சொன்னார். “பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம், அப்பாவுக்குச் சுகமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்” என்றார். இப்படியான நேரத்தில் என்ன செய்வது?
— விடுதிப் பொறுப்பாளர், செங்கலடி

பதில்: உண்மையைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். மாமன் அப்படிக் கேட்பது பாசத்தினால்தான்; வழியில் பிள்ளை உடைந்துபோகும் என்ற பயம். ஆனால் இன்றைக்கு அந்தப் பொய் அரை மணித்தியாலம்கூட நிற்பதில்லை. ஊரில் யாரோ ஒருவர் முகநூலில் தகப்பனின் படத்தைப் போட்டு இரங்கல் எழுதிவிடுவார். பிபிலையில் பஸ் தேநீருக்கு நிற்கும்போது பிள்ளை அதைத் தனியாகப் பார்க்கும். எல்லோரும் சேர்ந்து தன்னிடம் மறைத்தார்கள் என்ற கோபம் துக்கத்தோடு சேர்ந்து நெடுங்காலம் தங்கிவிடும்.

முதலில் மாமனுக்குத் திரும்ப அழையுங்கள். இறந்தது யார், எப்போது, அடக்கமோ தகனமோ எப்போது என்பதை உறுதிப்படுத்துங்கள். விடுதியில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் செய்தி ஆள் மாறிப் போய்விடும். ஆகவே தகப்பனின் முழுப்பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கேளுங்கள். “நாங்களே சொல்கிறோம், சொன்ன கையோடு உங்களோடு பேச வைக்கிறோம்” என்றால் பெரும்பாலான உறவினர் ஒத்துக்கொள்வார்கள். சொல்லும் பாரம் தங்கள் தலையிலிருந்து இறங்குவதே அவர்களுக்கு ஆறுதல்.

நடைபாதையில் நிறுத்தி வைத்துச் சொல்லாதீர்கள். உங்கள் அறைக்கு அழைத்து, இருக்க வைத்து, பிள்ளை நம்பும் தோழி ஒருத்தியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். “பிள்ள, கெட்ட செய்தி ஒன்று சொல்லப் போறன். அப்பா இண்டைக்கு ராத்திரி இறந்திட்டார். மாமா இப்பதான் எடுத்துச் சொன்னார்.” அவ்வளவுதான். பிறகு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். “இல்ல மிஸ், நேற்றுத்தான் கதைச்சன்” என்று பிள்ளை மறுக்கும். அதற்கு வாதாட வேண்டாம். கேட்டால் அதே வசனத்தைத் திரும்பச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் அழவே மாட்டார்கள், நாளைய ஒப்படையைப் பற்றிப் பேசுவார்கள். அதுவும் அதிர்ச்சிதான், அன்பில்லாமை அல்ல. மூச்சு வாங்கினால் சன்னலைத் திறந்து, கூட்டத்தை வெளியே அனுப்பி, மெதுவாக மூச்சுவிடச் சொல்லுங்கள். சீனி போட்ட பிளேன்டீ கொடுக்கலாம். அறைத் தோழிகள் வைத்திருக்கும் எந்தக் குளிசையையும் கொடுக்க விடாதீர்கள். பிள்ளை மயங்கிய நிலையில் செத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் தகப்பனின் கடைசி முகமே மங்கலாகத்தான் மனதில் நிற்கும்.

அடுத்தது பயணம். செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்குப் போகும் வீதியில் இரவில் யானை நடமாட்டம் உண்டு. தகனம் மறுநாள் பின்னேரம் என்றால் விடியற்காலைப் பயணமே போதும். மறுநாள் காலையே என்றால் வாடகை வாகனம்தான். அதற்கும் கூடவே இருவர், அதில் ஒருவர் பெண் ஊழியர். யாழ்ப்பாணம், வவுனியாப் பக்கப் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு. புணானை, வெலிக்கந்தை, ஹபரணை வழியும் இரவில் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் ஆபத்து இன்னொன்று: செய்தி கேட்டவுடன் வகுப்புத் தோழர்கள் ஏழெட்டு மோட்டார் சைக்கிளில் இரவோடிரவாகப் புறப்படுவது. நித்திரையில்லாத கண், தெரியாத பாதை, கண்ணீர். அவர்களைத் தடுத்தால் மட்டும் போதாது. காலையில் போக ஒரு பஸ் அல்லது வான் ஒழுங்கு செய்திருப்பதாகச் சொன்னால்தான் நிற்பார்கள்.

பையைத் தோழி அடுக்கட்டும்: அடையாள அட்டை, போன் சார்ஜர், வழக்கமாகக் குடிக்கும் மருந்து, மூக்குக்கண்ணாடி, இரண்டு மூன்று எளிய உடுப்பு, மாதவிடாய்த் துவாய். பணம் இருக்கிறதா என்று பிள்ளையிடம் கேட்க வேண்டாம். “இருக்கு மிஸ்” என்றுதான் சொல்லும். இரண்டு பேர் போய் ஒருவர் திரும்புவதற்கான தொகை விடுதியின் கைக்காசில் எப்போதும் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ஓர் அழைப்பு, மூன்றாம் நாள் ஓர் அழைப்பு, திரும்பி வருவதற்கு முதல் நாள் ஓர் அழைப்பு. மூன்றையும் ஒரே ஆள் எடுக்க வேண்டும்.

கேள்வி: அம்மா இறந்து 12 நாள். இன்னும் இரண்டு கிழமையில் அரையாண்டுப் பரீட்சை. வரவும் குறைந்துவிட்டது. யாரிடம் போவது? படித்தாலும் ஒன்றும் ஏறவில்லை.
— பல்கலைக்கழக மாணவி, சம்மாந்துறை

பதில்: முதலில் கடிதம். பரீட்சைக்குத் தோற்ற 80 வீத வரவு கேட்பது நமது பல்கலைக்கழகங்களில் பொதுவான விதி. துறைத் தலைவர் ஊடாகப் பீடாதிபதிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: பெயர், பதிவிலக்கம், பாடக் குறியீடுகள், வராத திகதிகள், காரணம், என்ன கேட்கிறீர்கள் என்பது. “தகுந்த நடவடிக்கை எடுக்கவும்” என்று முடித்தால் கோப்பு மேசையிலேயே கிடக்கும். “இந்தத் திகதிகளின் வரவுக் குறைவை மன்னிக்கவும்”, “இந்த இரண்டு பாடங்களையும் அடுத்த முறை முதல் தடவையாகவே எழுத அனுமதிக்கவும்” என்று தெளிவாகக் கேளுங்கள்.

முதல் தடவை என்பதுதான் இதில் முக்கியம். அறிவிக்காமல் பரீட்சைக்குப் போகாவிட்டால் அடுத்த முறை மீள்பரீட்சையாகிவிடும். பல பீடங்களில் மீள்பரீட்சைக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் ‘சி’ தரத்துக்கு மேல் கிடைக்காது. வகுப்புச் சித்தி அதிலேயே போய்விடும். அறிவிக்க வேண்டிய நாள் எல்லை உங்கள் பீடக் கைந்நூலில் இருக்கிறது, இன்றே பாருங்கள். இறப்புச் சான்றிதழ் கைக்கு வரவில்லை என்பதற்காகக் கடிதத்தைப் பிந்த விடாதீர்கள். இப்போதைக்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தை இணைத்து, சான்றிதழ் பின்னர் சமர்ப்பிக்கப்படும் என்று எழுதலாம். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

மரணப் பதிவை 3 மாதத்துக்குள் செய்துவிட வேண்டும்; அதற்குப் பிறகு காலங்கடந்த பதிவாகி அலைச்சல் கூடும். சான்றிதழில் குறைந்தது ஐந்து பிரதி எடுங்கள். வங்கி, ஓய்வூதியம், காப்புறுதி, காணி, பல்கலைக்கழகம் என்று ஒவ்வோரிடத்திலும் கேட்பார்கள். இறந்தவர் சம்பாதித்தவராக இருந்தால் குடும்ப வருமானம் மாறியதை மாணவர் நலன்புரிக் கிளைக்கு எழுத்தில் அறிவியுங்கள். உதவிக் கொடுப்பனவு பழைய வருமானக் கணக்கிலேயே கிடந்தால் நீங்கள்தான் இழப்பீர்கள்.

படிப்பு ஏறாததற்குக் காரணம் சோம்பலோ திறமைக் குறைவோ அல்ல. துக்கத்தில் நித்திரை துண்டு துண்டாகிறது, கவனம் நிற்காது, வாசித்த பக்கம் மறந்துபோகிறது. ஆகவே மூன்று மணித்தியாலம் தொடர்ந்து இருக்க முயல வேண்டாம். 20 நிமிடம் படித்து, எழும்பி நடந்து, மறுபடி 20 நிமிடம். புதுப் பாடத்தைத் தொடாமல் கடந்த வருட வினாத்தாளை எழுதிப் பாருங்கள். வாசிப்பதைவிட எழுதுவது கவனத்தைப் பிடித்து வைக்கும். வாசிப்பை மாலையில் வையுங்கள் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் உங்கள் மாலை இப்போது யாருடையது என்பது எங்களுக்குத் தெரியும்.

கிழக்கில் வீடு பெண்பிள்ளை வழியாக வருகிறது. தாய் போனால் மூத்த மகள்தான் வீடு. தம்பி தங்கைக்குச் சோறு, வாப்பாவுக்குத் தேநீர், வந்து போகும் ஆட்கள், எல்லாம் அவள் தலையில் விழும். கொஞ்ச நாளில் “படிப்பை நிறுத்தி ஒரு கலியாணத்தைச் செய்து வைப்போம்” என்று பெரியவர்கள் பேசத் தொடங்குவார்கள். அவர்களும் கெட்டெண்ணத்தில் பேசுவதில்லை. ஆனால் முதல் ஆறு மாதத்தில் அந்த முடிவை எடுக்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. தனியாகச் சொல்ல முடியாவிட்டால் மாணவ ஆலோசகரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து வாப்பாவோடும் மாமாவோடும் மரியாதையாகப் பேசினால் காரியம் நடக்கும்.

கேள்வி: எங்கள் பாடசாலை உயர்தர மாணவன் ஒருவன் கடலில் குளிக்கப் போய் இறந்துவிட்டான். மறுநாள் வகுப்புக்குள் போகவே ஆசிரியர்கள் தயங்கினோம். என்ன செய்திருக்க வேண்டும்?
— ஆசிரியை, கல்முனை

பதில்: பிள்ளைகள் வருவதற்கு முன் ஆசிரியர்கள் கூட வேண்டும், 15 நிமிடம் போதும். நடந்ததை மூன்று வசனத்தில் எழுதி எல்லா ஆசிரியருக்கும் கொடுங்கள், வகுப்புக்கு வகுப்பு கதை மாறாமல் இருக்க. முழுப் பாடசாலைக்கும் ஒலிபெருக்கியில் சொல்லாமல், அவனுடைய வகுப்புக்கு வகுப்பாசிரியரும் அதிபரும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். ஆசிரியர் அழுதால் அழட்டும்.

முதல் பாடத்தைப் படிப்பிக்க வேண்டாம். அதற்காகப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். கலைத்துவிட்டால் அவர்கள் போவது கடற்கரைக்குத்தான். கார்த்திகை முதல் மாசி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் நம் கடல் எப்படியிருக்கும் என்பது ஊருக்கே தெரியும். வாவி வெட்டிவிடப்பட்ட முகத்துவாரங்களில் இழுவை இன்னும் கூட. “கூடப் போனவர்கள் ஏன் காப்பாற்றவில்லை” என்ற கேள்வியை யாரும் கேட்க விடாதீர்கள். அன்று கூடக் குளித்த இருவரோ மூவரோ அந்த வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் சொல்லிலும் பொலிஸ் வாக்குமூலத்திலும் அவர்கள் ஏற்கெனவே நொந்திருப்பார்கள். அவர்களைத் தனியே அழைத்து, ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக வைத்து, குறைந்தது ஒரு மாதம் தினமும் கண்ணில் பட வையுங்கள்.

இனி இடாப்பு. பதிலாசிரியர் ஒருவர் வந்து தெரியாமல் அவன் பெயரைக் கூப்பிடுவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. வகுப்பு மொத்தமாக உறைந்துபோகும். அன்று காலையே இடாப்பில் பெயருக்கு நேரே பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, உள்ளே ஒரு குறிப்புத் தாள் வையுங்கள். சிவப்பு மையால் வெட்ட வேண்டாம். பக்கத்து மேசைப் பிள்ளை அதைப் பார்க்கும். கதிரையை அன்றைக்கே தூக்க வேண்டாம், வருடக் கணக்கில் மாலை போட்டு வைக்கவும் வேண்டாம். ஒரு கிழமை விட்டு, முழு வகுப்பின் இருக்கைகளையும் மாற்றி அமையுங்கள். ஒரு இடம் மட்டும் காலியாகத் தெரியாது.

அலுவலக வேலை இதைவிட முக்கியம் என்போம். பெற்றோருக்கு வரும் வரவின்மைக் குறுஞ்செய்தி, நூலகத்தின் தாமத அறிவித்தல், வசதிக் கட்டண நிலுவைக் கடிதம், பரீட்சை அனுமதி அட்டை, வட்சப் குழு, சுற்றுலாக் காசுப் பட்டியல். இவை ஒவ்வொன்றிலும் அவன் பெயர் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து “உங்கள் மகன் நூலைத் திருப்பித் தரவில்லை” என்று ஒரு கடிதம் அந்தத் தாயின் கைக்குப் போனால், பாடசாலை முழுவதும் மரண வீட்டுக்கு வந்து நின்றதும் வீணாகிவிடும். ஒரு எழுதுவினைஞர் எல்லாப் பட்டியலையும் எடுத்து, ஒவ்வொன்றாக நிறுத்தி, கையொப்பமிட்டு அதிபரிடம் தர வேண்டும்.

உடைமைகளை இருவர் சேர்ந்து பட்டியலிட்டுப் புதிய மட்டைப் பெட்டியில் அடுக்குங்கள். உரப்பையில் கட்டிக் கொடுக்க வேண்டாம். விளையாட்டு உடுப்பு அழுக்காக இருந்தாலும் தோய்க்காதீர்கள். மகனின் வேர்வை மணத்துக்காகவே அதை வைத்திருக்கும் தாய்மார் உண்டு. வேண்டாமென்றால் அவர்களே தோய்ப்பார்கள். கொப்பிகள் எல்லாவற்றையும், பாதியில் நின்ற கொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள். போனையும் நாட்குறிப்பையும் யாரும் திறக்காமல் பெற்றோர் கையில்தான் ஒப்படைக்க வேண்டும். கொண்டு போகும் நேரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். ஜனாஸா நல்லடக்கம் அன்றே முடிந்துவிடும் வீடுகளில் மறுநாளிலிருந்தே வெறுமை தொடங்கிவிடுகிறது, 31ஆம் நாள் வரை ஆட்கள் நிற்கும் வீடுகளில் அதற்குப் பிறகு.

கேள்வி: என் அறைத் தோழியின் அண்ணன் விபத்தில் இறந்துவிட்டார். அவள் நாளை வருகிறாள். என்ன சொல்லுவது?
— கல்வியியற் கல்லூரி மாணவி, தாழங்குடா

பதில்: “கேள்விப்பட்டனான், கவலையா இருக்கு. உன்ர கட்டில விரிச்சு வைச்சிருக்கன்.” இது போதும். “விதி”, “கடவுள் நல்லவர்களைத்தான் எடுப்பார்”, “நீதான் அம்மாவைத் தேற்ற வேண்டும்” ஆகிய மூன்றையும் சொல்லாதீர்கள். “ஏதும் வேணும் எண்டா கேள்” என்பதும் உதவாது, அவள் கேட்கமாட்டாள். தவறிய பாடக் குறிப்புகளைப் பிரதி எடுத்துப் பாட வாரியாகக் கட்டி மேசையில் வையுங்கள். சாப்பாட்டுக்குப் போகும்போது கூப்பிடுங்கள், வராவிட்டால் தட்டில் எடுத்து வாருங்கள். அண்ணனின் பெயரைச் சொல்லப் பயப்பட வேண்டாம். பெயரை யாரும் எடுக்காமல் விடுவதுதான் அவளுக்கு அதிக வலி.

கேள்வி: பாடசாலைப் படிவத்தில் ‘தந்தை: உயிருடன் / காலமானார்’ என்று இருக்கிறது. காணாமற் போனவரின் குடும்பம் எதில் கோடு போடுவது? என் பேரப்பிள்ளை படிவத்தை நிரப்பாமலே திருப்பிக் கொண்டுவந்துவிட்டான்.
— வாசகி, கிரான்

பதில்: உங்கள் பேரன் நிரப்பாமல் வந்தது சரிதான். இரண்டில் எதைப் போட்டாலும் அந்தப் பிள்ளையைக் கொண்டு நிச்சயமில்லாத ஒன்றுக்குச் சாட்சி சொல்ல வைத்ததாகிவிடும். அதிபர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: படிவத்தில் மூன்றாவதாக ‘காணாமற் போயுள்ளார்’ என்ற பெட்டியைச் சேருங்கள், அல்லது கேள்வியையே ‘பிள்ளைக்குப் பொறுப்பானவர்’ என்று மாற்றுங்கள். கணினியில் அடிக்க ஐந்து நிமிடம் எடுக்காது.

அலுவலகத் தேவைக்கு ஆவணம் வேண்டுமென்றால் இறப்புச் சான்றிதழ் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் காணாமற் போயிருப்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். இரண்டில் எது என்பது குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு. உதவித்தொகைக்காக அவசரப்படுத்தி இறப்புச் சான்றிதழ் எடுக்கச் சொல்லும் அதிகாரியோ ஆசிரியரோ அந்தத் தாய்க்குப் பெரிய அநியாயம் செய்கிறார்.

கேள்வி: எங்கள் கல்லூரி மாணவன் ஒருவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். மாணவர்கள் வாயிலில் பெரிய பதாகை கட்ட வேண்டும் என்கிறார்கள். நிர்வாகத்தில் சிலர் இதைப் பற்றிப் பேசவே கூடாது என்கிறார்கள்.
— விரிவுரையாளர், மட்டக்களப்பு

பதில்: இரண்டுமே பிழை. மூடி மறைத்தால் வதந்தி வளரும், குடும்பத்துக்கு அவமானம் சேரும். பெரிதாகக் கொண்டாடினால், ஏற்கெனவே மனம் நொந்திருக்கும் இன்னொரு பிள்ளை ‘செத்தால்தான் என்னையும் நினைப்பார்கள்’ என்று எண்ணக்கூடும். மற்ற மாணவர் இறந்தால் என்ன செய்வீர்களோ அதையே, அதே அளவில் செய்யுங்கள்: மௌன அஞ்சலி, குடும்பத்தைச் சந்தித்தல், இறுதிக் கிரியைக்கு ஒரு பிரதிநிதிக் குழு. எப்படி இறந்தான் என்ற விபரமும், எழுதி வைத்த கடிதமும், ‘இதுதான் காரணம்’ என்ற பேச்சும் வேண்டாம். காரணம் ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை. ‘காதல் தோல்வி’, ‘பெயில்’ என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணையோ அந்த ஆசிரியரையோ ஊர் குற்றவாளியாக்கிவிடும்.

முதல் இரண்டு கிழமை யாரைக் கவனிப்பது? கடைசிக் குறுஞ்செய்தி யாருக்குப் போனதோ அவரை. அண்மையில் சண்டை பிடித்தவரை. அறைத் தோழனை. முன்பே இழப்பு ஏற்பட்டவரை. இவர்களோடு நெருக்கமில்லாமல், ஆனால் திடீரென்று எதிலும் சேராமல் ஒதுங்கியவரை. தனியாக இருக்க வைத்துக் கேளுங்கள்: “சாக வேணும் எண்டு யோசனை வருதா?” நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்துக்கு 24 மணித்தியாலமும் அழைக்கலாம், 1333 என்ற இலவச இலக்கத்திலும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் பொலிஸ் வழக்கு வரும்” என்ற பயத்தில் இன்னும் பலர் தாமதிக்கிறார்கள். தற்கொலை முயற்சி 1998இலிருந்து இலங்கையில் குற்றமல்ல. இந்த வசனத்தை விடுதிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: மகனின் தாய் இறந்து இரண்டு மாதம். அவன் கிரிக்கெட் விளையாடுகிறான், சிரிக்கிறான். எனக்கு மனம் பொறுக்குதில்லை.
— தகப்பன், அக்கரைப்பற்று

பதில்: அவனைக் கடிய வேண்டாம். இளம் வயதினர் துக்கத்தை இடைவிட்டு இடைவிட்டுத்தான் படுகிறார்கள். மைதானத்தில் அவன் இளைப்பாறுகிறான். சாப்பாடு, நித்திரை, பாடசாலை வரவு மூன்றையும் கவனியுங்கள். மூன்றும் சேர்ந்து பல கிழமையாகக் குழம்பினால் ஆதார வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். உங்கள் கண்ணீரை அவனிடமிருந்து ஒளிக்காதீர்கள். உங்களுக்காகத்தான் அவன் சிரித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

கேள்வி: இறந்த நண்பனின் நினைவாகக் கல்லூரியில் ஒரு நினைவுத்தூண் கட்டவும், வருடாவருடம் விழா எடுக்கவும் எங்கள் தொகுதி விரும்புகிறது. நிர்வாகம் தயங்குகிறது.
— மாணவர் ஒன்றியப் பிரதிநிதி, மட்டக்களப்பு

பதில்: நிர்வாகத்தின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஒருவருக்குத் தூண் கட்டினால் அடுத்தவருக்கு ஏன் இல்லை என்று இன்னொரு தாய் கேட்பார். உங்கள் தொகுதி மூன்று வருடத்தில் வெளியேறிவிடும். அதன்பின் தூணைச் சுற்றிப் புல் வளரும். முதலாம் ஆண்டு நினைவை மட்டும் நன்றாகச் செய்யுங்கள், குடும்பத்திடம் கேட்டுவிட்டு. திகதியும் பாருங்கள். நம் மாவட்டங்களில் டிசம்பர் 26 வெறும் நத்தார் விடுமுறை அல்ல. 2004 சுனாமியில் உடன்பிறந்தவரை இழந்த வீடுகளில் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான் இன்று உங்களோடு படிக்கிறார்கள். ஏப்ரல் 21உம் அப்படித்தான், 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பில் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளை இழந்த ஊர் இது. வேறொரு நினைவு நாளோடு மோதாமல் வையுங்கள்.

சேர்த்த பணத்தை இறந்தவர்களின் குடும்பப் பிள்ளைகளுக்கான அவசர நிதியாக மாற்றலாம். பெயர் வேண்டுமென்றால் நண்பனின் பெயரையே வையுங்கள். தனியார் ஒருவரின் கணக்கில் போடாமல், கல்லூரியின் பெயரில், ஒரு விரிவுரையாளரும் ஒரு மாணவரும் சேர்ந்து கையொப்பமிடும் கணக்காகத் திறவுங்கள். மரணச் செய்தி வந்த அன்றே பயணச் செலவுக்குக் கொடுக்க ஒரு சிறு தொகை விடுதிப் பொறுப்பாளர் கையில் காசாக இருக்கட்டும். விண்ணப்பப் படிவமும் சிபாரிசுக் கடிதமும் பிறகு. வருடத்துக்கு ஒருமுறை கணக்கை அறிவித்தல் பலகையில் போடுங்கள், உதவி பெற்ற பிள்ளைகளின் பெயர் இல்லாமல்.